சிறுநீர்ப்பைக்குப் போடும் ஊசி: கையெழுத்து வைக்க முன்னர் தெரிந்துகொள்ள வேண்டியவை



இந்தத் தடவை எழுதப் போகிற விஷயம் கொஞ்சம் கூச்சமானது. நான் ஆம்பளை. பெண்கள் தங்களுக்குள்ளேயே குசுகுசுவென்று பேசிக்கொள்ளும் ஒரு வருத்தத்தைப் பற்றி நான் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இரண்டு மாசத்தைக் கடத்திவிட்டேன். எங்கள் தோட்டத்து மருத்துவிச்சி அம்மாதான், "நீங்க எழுதாட்டி வேற யாரு எழுதப் போறா? வெக்கப்பட்டு வெக்கப்பட்டே நம்ம பொம்பளைங்க வருத்தத்தை முத்த விடுறாங்க" என்று கண்டித்தார். ஆகவே எழுதுகிறேன். வீட்டில் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் பிள்ளைகள் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் கிடையாது.

விஷயம் இதுதான். எங்கள் டிவிஷனில் கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா இருக்கிறார். வயது 54. ஆறு வருஷமாகச் சீனி வருத்தம். இரண்டு மூன்று வருஷமாக அவருக்கு ஒண்ணுக்கு அடக்க முடியவில்லை. வருகிறது என்று தெரிந்த அடுத்த நிமிஷமே ஓட வேண்டும். ஓடிப் போய்ச் சேர முன்னரே கொஞ்சம் போய்விடும். மலையில் நிற்கும்போது படங்கு கட்டியிருப்பதால் வெளியே தெரியாது. ஆனாலும் அவருக்குத் தெரியுமே. உள்ளே பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு, பகல் முழுக்க அந்த ஈரத்தோடே நிற்பார். ஒரு நாளைக்கு நாலு தடவை கொழுந்து வரிசையை விட்டுக் கீழே இறங்கினால் கங்காணி, "இப்பத்தானே போனே?" என்று கேட்பார். அதனால் காலையில் பெரட்டுக்கு வர முன்னர் ஒரு பிளேன்டீயோடு சரி. பகல் சாப்பாடு வரை பச்சைத் தண்ணி வாயில் வைக்க மாட்டார். திருவிழாவுக்குப் போவதை நிறுத்தினார். கண்டிக்குப் போவதையும் நிறுத்தினார். பஸ்ஸில் ஏறினால் பேராதனை வரை இறங்க முடியாதே என்ற பயம்.

இவருடைய மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறார். போனில் ஒரு நாள், "அம்மா, அதுக்கு ஒரு ஊசி இருக்காம். ஒரே ஊசியில நின்னுருமாம். நான் காசு அனுப்புறேன், நீங்க போடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அக்கா அந்தச் செய்தியோடு என்னிடம் வந்தார். "ஐயா, அந்த ஊசி நல்லதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்தேன், வாசித்தேன், அவரோடு கிளினிக்குக்கும் போனேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

இது என்ன வருத்தம்?

அடிவயிற்றில் இருக்கும் சிறுநீர்ப்பை தசையால் ஆன ஒரு பை. சிறுநீரகத்தில் இருந்து சொட்டுச் சொட்டாக வரும் நீரைச் சேர்த்து வைப்பதுதான் அதன் வேலை. வளர்ந்த ஆளுக்கு 300 முதல் 500 மில்லிலீட்டர் வரை பிடிக்கும். சேர்க்கும் நேரத்தில் பைத்தசை தளர்ந்து சும்மா இருக்க வேண்டும். வாய்ப்பக்கத்துத் தசை இறுகி மூடியிருக்க வேண்டும். கக்கூஸுக்குப் போய் உட்கார்ந்த பிறகு மூளை உத்தரவு கொடுக்கும். அப்போது பை சுருங்கும், வாய் திறக்கும்.

சிலருக்குப் பை நிறைய முன்னரே, உத்தரவு இல்லாமலே, தசை தானாகச் சுருங்கத் தொடங்குகிறது. இதைத்தான் கிளினிக் கொப்பியில் 'ஓவர் அக்டிவ் பிளாடர்' என்று எழுதுகிறார்கள். அளவுக்கு மிஞ்சி வேலை செய்யும் சிறுநீர்ப்பை என்று சொல்லலாம். திடீர் அவசரம், பகலில் எட்டுத் தடவைக்கு மேல் போக வேண்டி வருதல், இரவில் இரண்டு மூன்று தடவை எழும்புதல், சிலருக்குத் துணியிலேயே போய்விடுதல், இவைதான் அடையாளம். வயது போனால் கூடுதலாக வரும். ஆனால் "வயசானா அப்பிடித்தான்" என்று சொல்லி விட்டுவிட வேண்டிய வருத்தமல்ல.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாக வாசியுங்கள். இருமும்போது, தும்மும்போது, கொழுந்து மூட்டையைத் தூக்கும்போது 'டக்'கென்று கொஞ்சம் போய்விடுகிறது, ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை என்றால், அது வேறு வருத்தம். பிள்ளைப்பேறுகளாலும் பாரம் சுமப்பதாலும் அடித்தசை தளர்ந்துபோனதால் வருவது. பை சுருங்குவதல்ல, வாய் இறுக்கமாக மூடாததுதான் அங்கே குறை. அந்தக் குறைக்கு இந்த ஊசி உதவாது. பையைத் தளர்த்துகிற ஊசியைப் போட்டு வாய் எப்படி இறுகும்? நம்முடைய பெண்களில் பலருக்கு இருப்பது இந்த இரண்டாவது வகை, அல்லது இரண்டும் கலந்தது. எந்த வகை என்று பாராமல் ஊசிக்குக் காசு கட்டினால் காசும் போச்சு, வருத்தமும் அப்படியே இருக்கும்.

ஊசிக்குள் இருப்பது என்ன?

அந்த மருந்தின் பெயர் பொட்டுலினம் நச்சு. 'பொடொக்ஸ்' என்பது அதில் ஒரு கம்பனியின் விற்பனைப் பெயர். நச்சு என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதை இலேசாக நினைக்கவும் வேண்டாம். அது உண்மையாகவே நஞ்சுதான். காற்றுப் புகாத இடத்தில், பழுதாய்ப்போன டின் உணவு, இறைச்சி போன்றவற்றில் வளரும் ஒரு கிருமி அதை உண்டாக்குகிறது. 1820ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற வைத்தியர், கெட்டுப்போன சொசேஜ் சாப்பிட்டுக் கைகால் விழுந்து செத்தவர்களைப் பற்றி எழுதி வைத்தார். லத்தீன் மொழியில் சொசேஜுக்கு உள்ள சொல்லில் இருந்துதான் பொட்டுலினம் என்ற பெயரே வந்தது. 1895இல் பெல்ஜியத்தில் ஒரு கிராமத்தில் மரண வீட்டுக்கு வாத்தியம் வாசிக்க வந்தவர்கள் பன்றியிறைச்சி சாப்பிட்டு விழுந்தார்கள். 3 பேர் இறந்தார்கள். அந்த இறைச்சியில் இருந்துதான் வான் எர்மெங்கெம் என்ற ஆராய்ச்சியாளர் கிருமியைப் பிரித்துக் காட்டினார்.

இந்த நஞ்சு நரம்பில் இருந்து தசைக்குப் போகும் செய்தியை மறித்துவிடுகிறது. செய்தி போகாவிட்டால் தசை சுருங்காது. சாப்பாட்டோடு உடம்பு முழுக்கப் பரவினால் மூச்சு விடும் தசையும் நின்றுபோகும். அதே நஞ்சை மிக மிகக் கொஞ்சமாக எடுத்து, தொல்லை கொடுக்கும் ஒரே ஒரு தசையில் மட்டும் போட்டால் அந்தத் தசை மட்டும் கொஞ்ச நாளைக்கு அடங்கும். அமெரிக்காவில் கண் வைத்தியர் அலன் ஸ்கொட் இப்படித்தான் மாறுகண்ணுக்கு வைத்தியம் செய்தார். 1989இல் அங்கே அனுமதி கிடைத்தது. முள்ளந்தண்டு அடிபட்டவர்களின் சிறுநீர்ப்பைக்குப் போட 2011இலும், நாம் பேசிக்கொண்டிருக்கும் சாதாரண வகைக்கு 2013 ஜனவரியிலும் அங்கே அனுமதித்தார்கள். முகச் சுருக்கத்துக்குப் பணக்காரர்கள் போடுவதும் இதே மருந்துதான்.

கையிலோ இடுப்பிலோ குத்துகிற ஊசி அல்ல இது. கமரா பூட்டிய மெல்லிய குழாயைச் சிறுநீர் வழியாகப் பைக்குள் விட்டு, பைச் சுவரில் சுமார் 20 இடத்தில் குத்திப் போட வேண்டும். மொத்த அளவு 100 அலகு. சிறுநீர் சம்பந்தமான விசேட வைத்திய நிபுணர்தான் போட வேண்டும். பலன் தெரிய இரண்டு கிழமை வரை ஆகலாம். சுமார் ஆறு மாசம் நிற்கும். பிறகு குறைந்துவிடும், திரும்பவும் போட வேண்டும். ஆகவே மகள் சொன்ன "ஒரே ஊசி" என்பது சரியல்ல. காசும் ஒரே தடவையோடு முடியாது.

பலன் இல்லையா என்றால், இருக்கிறது. மாத்திரையில் குணம் காணாதவர்களை வைத்துப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஐந்து தடவைக்கு மேல் துணியில் போனவர்களுக்கு, அதில் இரண்டு மூன்று தடவை குறைந்தது. 100 பேரில் ஏறக்குறைய 23 பேருக்கு முழுதாக நின்றது. வெறும் உப்புத்தண்ணி ஊசி போட்டவர்களில் 6, 7 பேருக்குத்தான் நின்றது. வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த ஒருவருக்கு இது சின்ன விஷயமல்ல. ஆகையால் ஊசி கெட்டது என்று நான் சொல்லவில்லை.

அந்தக் கிளினிக் நாள்

அக்காவோடு கண்டிப் பக்கத்துக் கிளினிக் ஒன்றுக்குப் போனேன். டொக்டர் நல்லவர், ஆனால் சிங்களம்தான். அக்காவுக்குச் சிங்களம் கடைத் தெருவில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான். மொழிபெயர்க்க நான் உட்கார்ந்தேன். டொக்டர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டுக் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "ஊசி போட்ட பிறகு சிறுநீர் போகாமல் நின்றுவிட்டால், நீங்களே குழாய் விட்டு எடுக்க உங்களால் முடியுமா?"

நான் அதைத் தமிழில் சொல்லத் திணறினேன். இருவருக்கும் முகம் சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்ற தாதியம்மா குழாயைக் கையில் எடுத்துக் காட்டினார். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "எங்க வச்சு ஐயா?"

உடம்பில் எந்த இடத்தில் என்று கேட்கிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அவர் கேட்டது அதல்ல. லயத்தில் எங்கே வைத்துச் செய்வது, மலையில் எங்கே வைத்துச் செய்வது என்று கேட்டார்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அந்தக் கேள்விதான். விஷயத்தை விளக்கமாகச் சொல்கிறேன்.

இந்த ஊசியால் வரும் முக்கியமான ஆபத்து, மருந்து சொன்ன வேலையைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்துவிடுவதுதான். பைத்தசை அடங்க வேண்டிய அளவுக்கு மேல் அடங்கிவிட்டால், போக வேண்டிய நேரத்திலும் சுருங்காது. நீர் உள்ளேயே தேங்கும். நான் சொன்ன சோதனைகளில் 100 பேரில் சுமார் 6 பேருக்கு இப்படி நடந்து, குழாய் விட்டு எடுக்க வேண்டி வந்தது. சீனி வருத்தக்காரர்களில் அது 100க்கு 12 பேர், அதாவது இரட்டிப்பு. மருந்தை உடம்பில் இருந்து திரும்ப எடுக்க வழியில்லை. அதன் வீரியம் குறையும் வரை காத்திருக்க வேண்டும். சிலருக்குச் சில கிழமை, சிலருக்கு இரண்டு மூன்று மாசம், சிலருக்கு அதற்கும் மேலே. அது வரைக்கும் ஒரு நாளைக்குச் சில தடவை, ஒவ்வொரு தடவையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, சுத்தமான மெல்லிய குழாயைத் தானே விட்டு, நீரை வெளியே எடுக்க வேண்டும்.

குளியலறையோடு வீடு, குழாயைத் திறந்தால் தண்ணி, கதவு மூடிய அறை, அலுவலக வேலை, இப்படி இருக்கிற ஒருவருக்கு இது தொல்லைதான், ஆனால் சமாளிக்கக்கூடிய தொல்லை. பழகினால் ஐந்து நிமிஷ வேலை என்று தாதியம்மாவும் சொன்னார். வெளிநாடுகளில் இலட்சக்கணக்கானோர் செய்கிறார்கள். ஆனால் ஒரே காம்பராவில் ஆறு பேர், நாலு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ், பீலித் தண்ணி வரிசை, வேலை நேரத்தில் கதவில்லாத மலை என்றால், கணக்கே வேறு. ஊசியின் ஆபத்தைப் பற்றி எழுதியிருக்கும் கடதாசியில் இந்தக் கணக்கு இருக்காது. டொக்டருக்கும் நாம் சொன்னால்தான் தெரியும். 1867இல் நம்ம கலஹாவுக்கு மேலே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார் என்று பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலே ஆகிவிட்டது. சில தோட்டங்களில் மலையிலே ஓய்வறையும் கக்கூஸும் கட்டியிருக்கிறார்கள், நல்லது. பல மலைகளில் இன்றைக்கும் பற்றைதான் கக்கூஸ்.

இரண்டாவது ஆபத்து, சலக்கடுப்பு. அதாவது சிறுநீரில் கிருமி தொற்றுவது. ஊசி போட்டு முதல் மூன்று மாசத்தில் 100 பேரில் 18 பேருக்கு வந்தது. உப்புத்தண்ணி ஊசிக்காரர்களில் 6 பேருக்கு. சீனி வருத்தம் உள்ளவர்களில் 100க்கு 31 பேருக்கு, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. தேங்கின நீரில் கிருமி சுலபமாக வளரும், சீனி இருந்தால் இன்னும் சுலபம், குழாய் சுத்தமில்லை என்றால் சொல்லவே வேண்டாம். கடுப்போடு நின்றால் மருந்து கொடுத்து மாற்றலாம். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறினால் குளிர்காய்ச்சல், முதுகு வலி, வாந்தி எல்லாம் வரும். அப்போது வார்டில் படுக்க வேண்டியதுதான்.

சீனிக்காரர்கள் இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பல வருஷச் சீனி நரம்பைக் கெடுத்து வைத்திருக்கும். பை நிறைந்து முட்டினாலும் சிலருக்கு வலி தெரியாது. "எனக்குத்தான் ஒண்ணும் வலிக்கலையே" என்று இருந்துவிடக் கூடாது. இதற்காகத்தான் ஊசி போட்டு இரண்டு கிழமைக்குள் திரும்ப வரச் சொல்லி, நீர் போன பிறகு உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேன் பண்ணிப் பார்க்கிறார்கள். 200 மில்லிலீட்டருக்கு மேல் மிஞ்சினால் குழாய் விடுவதைப் பற்றி யோசிப்பார்கள். அந்த நாளுக்குப் பேர் போட முடியாது, கைக்காசு போகும் என்று தவறவிடுகிறவர்களுக்கு இந்த ஊசி சரிப்படாது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது ஆபத்து அரிதானது, ஆனால் பெரியது. மருந்து பையில் இருந்து உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவுவது. 2009இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த வகை மருந்துகளின் பெட்டியிலேயே இதற்குக் கடும் எச்சரிக்கை போட வைத்தது. விழுங்கக் கஷ்டம், பேச்சுக் குழறல், கண்ணுக்கு எல்லாம் இரண்டாகத் தெரிதல், கண்ணிமை தொங்குதல், கைகால் சோர்வு, மூச்சு முட்டுதல், இவை சில மணி நேரத்திலும் வரலாம், சில கிழமை கழித்தும் வரலாம். சிறுநீர்ப்பைக்குப் போடும் அளவில் இது மிக அரிது. ஆனாலும் வந்தால் விடியும் வரை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். 1990க்கு அடித்தால் அம்பியூலன்ஸ் வரும், காசு கிடையாது. ஊசி போட்டது எந்தத் திகதி என்று அவர்களிடம் சொல்ல மறக்காதீர்கள்.

சிறுநீரில் கொஞ்சம் இரத்தம், இலேசான எரிவு, இவை முதல் இரண்டொரு நாள் இருக்கலாம். குத்தினது ஆறுகிற வரைக்கும்தான். கூடிக்கொண்டே போனால் காட்ட வேண்டும். அடிவயிறு வீங்கி, முக்கினாலும் சொட்டுச் சொட்டாக மட்டும் போனாலோ, அரை நாளாக ஒன்றும் போகாவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் ஒரு மாத்திரையை வாங்கிக்கொண்டு படுக்கிற விஷயமல்ல.

யாருக்குப் போடக் கூடாது?

ஊசி நாளில் சிறுநீரில் கிருமி இருந்தால் போடக் கூடாது. முதலில் அதை மாற்ற வேண்டும். ஏற்கனவே நீர் முழுதாகப் போகாமல் தேங்குகிறவர்களுக்கும் கூடாது. வயதான ஆண்கள் இங்கே காது கொடுக்க வேண்டும். அடிக்கடி போவது, அவசரம், சொட்டுதல் எல்லாம் ஆண்களுக்குப் புரொஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைப்பதாலும் வரும். அதைப் பாராமல் ஊசி போட்டால் முழு அடைப்பே வந்துவிடலாம். தசைச் சோர்வு வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுக்கும் தாய்மார் எல்லோரும் முதலிலேயே டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இருதய வருத்தத்துக்கு இரத்தத்தை மெல்லிசாக்கும் மாத்திரை குடிப்பவர்கள் மாத்திரைத் தாளையே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஜென்டமைசின் போன்ற சில கிருமி ஊசிகளும் இந்த மருந்தோடு சேர்ந்தால் தசைச் சோர்வைக் கூட்டும். வேறு வருத்தத்துக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "எனக்கு இந்த ஊசி போட்டிருக்கு" என்று சொல்ல வேண்டும்.

போலி மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023இல் துருக்கியில் உடம்பு மெலிவதற்காக வயிற்றுக்குள் இந்த நஞ்சு ஊசி போட்டுக்கொண்டவர்களில் 60க்கும் மேற்பட்டோர் நஞ்சேறி ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். 2024இல் அமெரிக்காவிலேயே போலி பொடொக்ஸ் பிடிபட்டு எச்சரிக்கை விட்டார்கள். நம் நாட்டில் தரமில்லாத இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து ஆஸ்பத்திரிகளுக்குள் வந்த விவகாரம் 2023இல் வெளியாகி, முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைதானதைப் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். ஆகவே அழகு நிலையத்தில் மலிவாகப் போடுகிறார்கள், தெரிந்த பையன் பார்சலில் எடுத்துத் தருகிறான் என்றெல்லாம் யாராவது சொன்னால் கிட்டவும் போகாதீர்கள்.

ஊசிக்கு முன்னால் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. டொக்டர்மார் ஊசியை மூன்றாவது படியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

முதல் வேலை, சிறுநீரையும் சீனியையும் சோதிப்பது. அக்காவுக்குச் சோதித்ததில் சலத்தில் கிருமி இருந்தது, சீனியும் எக்கச்சக்கம். சீனி கூடினால் நீர் தானாகவே அதிகம் போகும். இரண்டையும் சரிக்கட்டாமல் பைத்தசையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மலச்சிக்கலும் பையை நெருக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது குடிக்கிற விஷயம். மலையில் நிற்பவர்கள் தண்ணியே குடிக்காமல் இருப்பதைத்தான் மருந்து என்று நினைக்கிறோம். அது தலைகீழ். தண்ணி குறைந்தால் நீர் கடும் மஞ்சளாகத் திரண்டு பையை உறுத்தும், அவசரத்தைக் கூட்டும், கடுப்பையும் வரவழைக்கும். பிறகு பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் தாகத்தில் இரண்டு போத்தல் குடித்துவிட்டு, ராத்திரி நாலு தடவை எழும்புகிறோம். பகலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, பொழுது சாய்ந்த பிறகு குறைப்பதுதான் முறை. இன்னொன்றைச் சொன்னால் தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு இவன் என்ன சொல்கிறான் என்பீர்கள். கடும் சாயத் தேத்தண்ணியும் கோப்பியும் பையை உசுப்பிவிடும். முழுதாக விட வேண்டாம், சாயத்தைக் குறையுங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள்.

மூன்று நாளைக்குக் கணக்கு எழுதிப் பாருங்கள். எத்தனை மணிக்குக் குடித்தேன், எத்தனை மணிக்குப் போனேன், துணியில் போனதா. பிள்ளையின் பழைய கொப்பி போதும். அளவு பார்க்க ஒரு தண்ணிப் போத்தலை வெட்டிக் கோடு போட்டுக்கொள்ளலாம். இந்தக் கணக்கைப் பார்த்தால் எந்த வகை வருத்தம் என்று டொக்டர் பாதி கண்டுபிடித்துவிடுவார். அரை மணிக்கு ஒரு தடவை போகிறவர், அவசரம் வந்ததும் ஓடாமல் நின்று, அடித்தசையை இறுக்கி, அந்த அலை தணிந்த பிறகு போகப் பழக வேண்டும். முதலில் ஐந்து நிமிஷம், பிறகு பத்து, பிறகு கால் மணி நேரம் என்று தள்ள வேண்டும். ஆறு கிழமையாவது விடாமல் செய்ய வேண்டும். அடித்தசைப் பயிற்சியும் அதுபோலத்தான். சபையில் இருக்கும்போது காற்றுப் போகாமல் அடக்குவோமே, அந்தத் தசையை இறுக்கி, சில விநாடி பிடித்து, விட வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு, ஒரு நாளைக்கு மூன்று தடவை, மூன்று மாசம். கொழுந்து எடுத்துக்கொண்டே செய்யலாம், பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. இது இருமும்போது ஒழுகுகிறவர்களுக்கும் உதவும். மருத்துவிச்சி அம்மாவிடம் கேட்டால் சரியாகக் காட்டித் தருவார்.

இரண்டாவது படி மாத்திரை. ஒக்ஸிபியூட்டினின், டொல்டெரொடின், சொலிஃபெனசின், மிராபெக்ரோன் என்று பல இருக்கின்றன. சிலவற்றால் வாய் காயும், மலம் இறுகும். மிக வயதானவர்களுக்குச் சில மாத்திரைகள் ஞாபகத்தைக் குழப்பலாம். மிராபெக்ரோன் குடிப்பவர்கள் பிரஷரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் மாத்திரைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒத்துவராவிட்டால் நிறுத்தலாம். ஊசியைப் போட்ட பிறகு நிறுத்த முடியாது.

கையெழுத்து

ஊசிக்கு முன்னர் ஒரு படிவம் தருவார்கள். அது நமக்குப் புரியாத மொழியில் இருந்தால் தமிழில் விளக்கம் கேளுங்கள். கேட்பது நம் உரிமை, டொக்டரை எதிர்த்துப் பேசுவதல்ல. "எனக்கு எந்த வகை? மாத்திரையும் பயிற்சியும் பார்த்தாயிற்றா? நீர் நின்றுபோனால் ராத்திரியில் நான் எங்கே வர வேண்டும்? குழாய் விட எனக்கு யார் பழக்கித் தருவார்கள், குழாய் யார் தருவார்கள்? திரும்பப் போட எவ்வளவு காலம், எவ்வளவு காசு?" இவ்வளவையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டு நிலைமையையும் சொல்லுங்கள். லயத்தில் கக்கூஸ் பொது என்று சொல்ல வெட்கப்பட வேண்டியது நாம் அல்ல.

அக்கா இன்னும் ஊசி போடவில்லை. கிருமிக்கு மருந்து குடித்தார், சீனி ஓரளவு இறங்கியிருக்கிறது, மாத்திரை ஒன்றும் எழுதியிருக்கிறார்கள். வாய் காய்கிறது என்று குறை சொல்கிறார். ஆனால் போன மாசம் கண்டிக்குப் பஸ்ஸில் போய் வந்துவிட்டார். போகும்போது கலஹாச் சந்தியில் ஒரு தடவை இறங்கினாராம், அவ்வளவுதான். மாத்திரை முழுதாகக் கைகொடுக்காவிட்டால் அடுத்த கிளினிக்கில் ஊசியைப் பற்றித் திரும்பப் பேசலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். போடுவதென்றால் குழாய் விடுவதை முதலிலேயே தாதியம்மாவிடம் பழகிக்கொண்டுதான் போடுவேன் என்கிறார் அக்கா. மகளுக்கும் போனில் அப்படியே சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் அவர் தலைமையில் பதினான்கு பெண்கள் சேர்ந்து, மேல் மலையில் கக்கூஸ் வேண்டும் என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தது நான்தான், துரைக்கும் அது தெரியும். இரண்டு குழி வெட்டியாயிற்று, சுவரும் எழும்பிவிட்டது. கதவும் தண்ணிக் குழாயும் இன்னும் வர வேண்டும்.

கிளினிக்குக்குத் துணைக்கு ஆள் தேவைப்படுகிறவர்கள், இரண்டு நாள் முன்னதாக ஆபீசில் அல்லது மருத்துவிச்சி அம்மாவிடம் சொல்லுங்கள். பெண்களோடு பேசிப் புரியவைக்க, பிள்ளைக் காம்பரா உத்தியோகத்தர் அம்மாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். என்னைவிட அவருக்குச் சிங்களம் நன்றாக வரும்.